வெடி, அடு, ஹரி

என் அலுமாரியின் மேல்தட்டில், சேலைகளுக்கு அடியில், ஓர் அட்டைத் துண்டு இருக்கிறது. பிஸ்கட் பெட்டியில் இருந்து வெட்டி எடுத்தது, உள்ளங்கை அளவு. மேல் ஓரத்தில் ஆணியால் குத்திய துளை. நடுவில் நீல மையில் இரண்டே எழுத்து: ஹரி. தப்பித்தவறி அதைப் பார்க்கிறவர்கள் பெருமாளின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாமி அட்டையைப் போய்ச் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாளே என்று ஒருத்தி என்னைக் கடிந்தும் இருக்கிறாள். அது சாமி இல்லை. அது பியர்ப் பீப்பாய்க்குக் கட்டுவதற்காக என் அத்தான் எழுதிய அட்டை. அவர் எழுதியவை மொத்தம் மூன்று. மூன்றிலும் சேர்த்து ஆறு எழுத்து. அவற்றில் இரண்டு எழுத்துக்காக அவருடைய வலது காது போனது. இதை நான் ஆத்திரத்தோடுதான் எழுத உட்கார்கிறேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் பல ஆண்டு வேலை செய்தவர். யந்திரம் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பட்டி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தத் தொழிற்சாலையை மூடியபோது, நான் வேலை செய்துகொண்டிருந்த விருந்தினர் விடுதிக்கு அவரைக் கூட்டிவந்து சேர்த்தேன். விடுதி ஹந்தானைப் பக்கம், கண்டி நகரத்தைக் கீழே பார்க்கிற ஒரு பழைய பங்களா. நான் அங்கே வரவேற்பு மேசையில். மூன்று மொழியும் பேசுவேன், அதற்காகத்தான் என்னை வைத்திருந்தார்கள். அத்தானுக்குச் சுடுநீர்க் கொதிகலன், ஜெனரேட்டர், தண்ணீர்ப் பம்பு, எது நின்றாலும் அதை ஓட வைக்கிற வேலை.

விடுதியின் உரிமையாளர் ஒரு காலத்தில் தோட்டத் துரையாக இருந்தவர். சிங்களவர். ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகியும், எங்களை மாதிரி ஆட்கள் தன்னைத் ‘தொரை’ என்று கூப்பிட்டால் முகம் மலர்வார். விருந்தினரோடு ஆங்கிலம், வேலையாட்களோடு சிங்களம். தமிழ் அவருக்கு நன்றாகவே தெரியும், கொழுந்து மலையில் கற்றது. ஆனால் திட்டுவதற்கு மட்டும்தான் அதை வெளியே எடுப்பார். இதை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: துரைக்குத் தமிழ் தெரியும்.

துரைக்குப் பியர் காய்ச்சுகிற பைத்தியம். லண்டனில் இருந்த தம்பி வழியாக மூன்று எவர்சில்வர் பீப்பாய்களை வரவழைத்திருந்தார். பால் கேனைவிடக் கொஞ்சம் உயரம், மூடியில் இழுக்கிற வளையம் ஒன்று, பக்கத்தில் கேஸ் சிலிண்டர், குழாய். பின்கட்டு அறையில் காய்ச்சுவார். அனுமதிப்பத்திரம் ஒன்றும் கிடையாது. “இது வியாபாரமா? என் வீட்டில் நான் குடிக்கிறேன்” என்பார். சனி ஞாயிறுகளில் விருந்தினர் மேசைக்கும் அது போகும் என்பதை நாங்கள் பார்க்காத மாதிரி இருக்கவேண்டும்.

காய்ச்சுவது ஓரளவு நன்றாகவே வந்தது என்று குடித்தவர்கள் சொன்னார்கள். கெட்டது எப்போதும் கேஸ் ஏற்றும்போதுதான். குளிர வைத்து, சிலிண்டரை மெதுவாகத் திறந்து வைத்து, ஒரு வாரம் விட்டால் கேஸ் தானாகப் பியருக்குள் இறங்கும். துரைக்கு ஒரு வாரம் பொறுக்காது. வெள்ளிக்கிழமை காலையில் நண்பர்களைக் கூப்பிட்டிருப்பார், அன்று பகலில் சிலிண்டரை முழுதாகத் திருகிவிட்டு, பீப்பாயைக் கிடத்தி, தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டுவார். அப்புறம் குழாயைத் திறந்தால் குவளை முழுக்க வெள்ளை நுரை. அடியில் ஒரு விரல் பியர். நண்பர்கள் சிரிப்பார்கள். துரை பின்கட்டைப் பார்த்துக் கத்துவார்: “கேஸ் வெடி!”

சிங்களம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ‘வெடி’ என்று நம் காதில் விழுகிற அந்தச் சொல்லுக்குச் சிங்களத்தில் ‘அதிகம்’ என்று பொருள். கேஸ் கூடிப்போனது என்கிறார், அவ்வளவுதான். குறைந்து போனால் ‘அடு’. சரியாக இருந்தால் ‘ஹரி’. ‘வெடி’யின் முதல் எழுத்தின் ஒலி சிங்களத்தில் ‘வ’வுக்கும் ‘வெ’வுக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறது. நம் நெடுங்கணக்கில் அதற்கு இடமில்லை, ஆகவே எகரத்தைப் போட்டுச் சமாளிக்கிறோம். கண்டிக்குள் வருகிற எல்லா பஸ்காரர்களும் பார்க்கிற கெட்டம்பே என்ற பெயர்ப்பலகையை இப்படிச் சமாளித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நுரையை அடக்கும் வழியை அத்தான் தானாகவே கண்டுபிடித்தார். முதலில் சிலிண்டரை மூடு. கேஸ் குழாயைக் கழற்று. பிறகு மூடியின் வளையத்தை மெல்ல இழு. ‘ஸ்ஸ்’ என்று காற்று வரும், கூடவே நுரை ஏறி வந்தால் உடனே விட்டுவிடு. மேலே இருந்த காற்றுப் போனதும் பியருக்குள் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். சில மணி நேரம் கழித்து மறுபடி இழு. காலை, மதியம், மாலை என்று இரண்டு நாள். எத்தனை முறை என்று கணக்குக் கிடையாது, வலது காதை மூடியில் ஒட்டிவைத்துக் கேட்பார். சீறல் அடங்கி, தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிற மாதிரி ஆகும்வரை விடமாட்டார். அப்புறம் சிலிண்டரை ஒரு சொட்டு மட்டும் திறந்து, குழாயை நீளமாக்கிப் பனிக்கட்டி வாளிக்குள் சுருட்டி வைத்து, குவளையைச் சாய்த்துப் பிடித்து ஊற்றுவார். இரண்டு விரல் நுரை, கீழே பொன்னிறம். ஒரு துளி குடிக்கமாட்டார். பார்த்துவிட்டுச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிடுவார்.

“அவசரப்பட்டு ஏத்துனத அவசரப்பட்டு எறக்க முடியாது தொரை” என்பார். துரைக்கு அது பிடிக்காது. ஆனால் வேறு வழியும் இல்லை.

மூன்று பீப்பாயும் வெவ்வேறு நிலையில் இருக்கும் என்பதால் அத்தான் அட்டை எழுதினார். சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார், எழுதத் தெரியாது. தெரிந்த எழுத்து தமிழ் ஒன்றுதான். துரை வாயில் வருகிற சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார்: வெடி, அடு, ஹரி. பின்கட்டில் ‘வெடி’ அட்டை தொங்குவதைப் பார்த்த அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“அத்தான், தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் எவனாவது இத பாத்தா ஓடியே போயிருவான்.”

“இங்க யாரு புள்ள தமிழ் படிக்கிறா? ஒன்னயும் என்னயும் விட்டா?”

துரையும் பார்த்தார். எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவு அவருக்குத் தமிழ் எழுத்தும் வரும். நின்று வாசித்தார், தொடையில் தட்டிச் சிரித்தார், அன்று மாலையே நண்பர்களுக்குச் சொல்லிக் காட்டினார். இரண்டு மொழியிலும் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அறிந்தவர்கள் அந்த விடுதியில் மூன்றே பேர். மூவரில் எவருக்கும் அட்டையை மாற்றத் தோன்றவில்லை. அது போர்க்காலம். கண்டியிலும் பாலத்துக்குப் பாலம் சோதனைச் சாவடி. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் முதல் பங்கு அதற்கு.

ஒரு சனிக்கிழமை, வத்தேகமவுக்கு அப்பால் துரையின் சிநேகிதர் பங்களாவில் பகல் விருந்து. மூன்று பீப்பாயும் வரவேண்டும் என்றார் துரை. ஒன்றில் ‘வெடி’ தொங்கியது. முந்தின நாள்தான் வழக்கம்போல ஆட்டி வைத்திருந்தார். அது வேண்டாம், இரண்டு நாள் தாருங்கள் என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். “போகிற வழியில் கேஸை இறக்கிக்கொண்டு வா” என்று உத்தரவு. மற்ற இரண்டுக்கும் இன்னும் சோதனை முடியவில்லை என்று அட்டை கட்டவில்லை. ‘அடு’வும் ‘ஹரி’யும் பின்கட்டு ஆணியிலேயே கிடந்தன. துரை தன் காரில் முன்னால் போனார். சாரதியும் அத்தானும் பீப்பாய்களோடு வேனில் பின்னால் போனார்கள். வேன் புறப்படும்போது நான் வாசலில் நின்று கையசைத்தேன். பின் சீட்டில் பீப்பாயை அணைத்துப் பிடித்தபடி அத்தான் சிரித்தார்.

இனி வருவது சாரதி எனக்குச் சொன்னது. பாலத்தடிச் சாவடியில் துரையின் காரைக் கையாட்டி விட்டுவிட்டார்கள். வேனை நிறுத்தினார்கள். கிழக்கில் வேலை பார்த்து நாலு தமிழ் எழுத்துப் படித்து வந்திருந்த ஒரு பொலிஸ்காரர் அங்கே இருந்தார். அட்டையைத் திருப்பி, தனக்குத் தமிழ் தெரியும் என்ற பெருமையோடு சத்தமாக எழுத்துக்கூட்டினார். வெ. டி. அடுத்த கணம் பாய்ந்து பின்னால் போனார். துப்பாக்கிகள் நிமிர்ந்தன. அத்தான் சிங்களத்தில் கெஞ்சினார், இது பியர், கேஸ்தான் கூடிவிட்டது, வேறொன்றும் இல்லை ஐயா என்று. அவர்கள் காதில் கேஸும் விழுந்தது, வெடியும் விழுந்தது. அப்போதுதான் அத்தான் அதைச் செய்தார். நம்ப வைப்பதற்காக, நுரை வருகிறது பாருங்கள் என்று காட்டுவதற்காக, வளையத்தை இழுத்துவிட்டார்.

அந்தச் சீறலில் சாவடி முழுவதும் தரையில் படுத்தது. எழுந்து வந்தவர்கள் துப்பாக்கிக் கட்டையால் அவருடைய வலது காதில் அடித்தார்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் துரையின் கார் நின்றிருந்தது. பின்விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தன என்றார் சாரதி. துரை கண்ணாடியில் பார்த்திருக்கிறார். இறங்கி நூறடி நடந்து வந்து, ‘இது என் பியர், அது என் சொல்’ என்று சொன்னால் முடிந்தது. அனுமதி இல்லாமல் காய்ச்சியதற்கு ஒரு தண்டம் கட்டியிருப்பார். விளக்குகள் அணைந்தன. கார் போய்விட்டது.

அத்தானைப் பத்தொன்பது நாள் உள்ளே வைத்திருந்தார்கள். சாரதியை அன்றே விட்டுவிட்டார்கள், அவர் பெயர் சிங்களப் பெயர். அக்கா தினமும் வத்தேகமவில் இருந்து பஸ் ஏறிச் சோற்றுப் பொட்டலத்தோடு பொலிஸ் நிலைய வாசலில் நிற்பாள். பொட்டலம் உள்ளே போகும், அவள் போக முடியாது. நான் ஒவ்வொரு காலையும் துரைக்குத் தேநீர் கொண்டுபோகும் சாக்கில் கேட்பேன்.

“நான் கதைச்சிட்டேன் புள்ள. பெரிய எடத்துல கதைச்சிருக்கேன். நாளைக்கு விட்ருவாங்க” என்பார்.

தமிழில் சொல்வார். அந்தப் பத்தொன்பது நாளும் துரை என்னோடு திட்டாமல் தமிழ் பேசினார். அந்த இதமான குரலை நம்பி, அதை அப்படியே போய் அக்காவிடம் சொல்லி, நாளைக்கு நாளைக்கு என்று அவளையும் நம்ப வைத்தேன். பதினெட்டாம் நாள் சாரதிக்குத்தான் மனம் கேட்கவில்லை. செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டு, பின்விளக்குக் கதையைச் சொன்னார். “தொரை யாரோடயும் கதைக்கல மிஸ். ஒரு டெலிபோன் கோல்கூட எடுக்கல. எனக்கும் வாயத் தொறக்க வேணாம்னு சொல்லியிருக்கார்” என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு அழுதார்.

மறுநாள் ஆணியில் கிடந்த இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். பொறுப்பதிகாரியின் அறை மூலையில் மூன்று பீப்பாயும் நின்றன. தெரியாமல் கால் பட்டபோது ஒன்று கணகணவென்று ஒலித்தது. வெறும் பீப்பாய். மூன்றுமே வெறுமை. குடித்திருக்கிறார்கள்! வெடிகுண்டு என்று பிடித்ததை எப்போதோ பியர் என்று கண்டுபிடித்து, நுரை அடங்கும்வரை காத்திருந்து குடித்தும் விட்டு, அட்டை எழுதியவனை மட்டும் உள்ளே வைத்திருக்கிறார்கள். கேட்டால், பியர் வேறு விஷயமாம். கோப்பில் அந்தச் சொல் ஏறிவிட்டதாம். ஒரு தமிழன் ஏன் ‘வெடி’ என்று எழுதினான் என்பதற்குக் கோப்பில் பதில் இல்லையாம்.

நான் இரண்டு அட்டையையும் மேசையில் வைத்தேன். தமிழ் தெரிந்த அந்தப் பொலிஸ்காரரைக் கூப்பிடச் சொன்னேன். கோப்பில் குத்தியிருந்த முதல் அட்டையோடு சேர்த்து மூன்றையும் வாசிக்கச் சொன்னேன். அவர் வாசித்தார்: “வெடி. அடு. ஹரி.” இன்னொரு முறை, வேகமாக என்றேன். வாசித்தார். இப்போது அது சிங்களமாகக் கேட்டது: அதிகம், குறைவு, சரி. பொறுப்பதிகாரி முதலில் முழித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வாசித்தவரும் சிரித்தார். வாசலில் நின்றவர்களும் வந்து கேட்டுச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

“ஹரி. யன்ட” என்றார். சரி, போங்கள். ‘வெடி’ கோப்பிலேயே தங்கியது, மற்ற இரண்டு அட்டையையும் நான் எடுத்துக்கொண்டேன்.

பத்தொன்பது நாளுக்கு அந்த ஒரு சிரிப்பு போதுமாக இருந்தது. முதல் மணி நேரத்தில் துரை வந்து சிரிக்க வைத்திருக்கலாம். அவருக்குத்தான் கதை சொல்லத் தெரியுமே. அக்கா சிரிக்கவில்லை. உள்ளே இருந்து நடந்து வந்த மனிதரை நான் “அத்தான்” என்று வலப்பக்கம் நின்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். நிலையத்தில் இருந்து திரும்பி வந்து மறுபடி நிரப்பியிருந்த பீப்பாய் ஒன்றின் மூடியில், பழக்கத்தில், வலது காதை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு இடது காதை வைத்தார். பிறகு நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலை துரை அவரை நிறுத்திவிட்டார். விருந்தினர் பயப்படுவார்களாம், விடுதிக்குப் பெயர் கெடுமாம். சொன்னது சிங்களத்தில். தமிழ் மறுபடியும் மறந்துவிட்டது போலும்.

நான் அன்றே மேசையைத் தட்டிவிட்டு வெளியேறினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வெளியேறவில்லை. அக்கா வீட்டு அடுப்பும் என் சம்பளத்தில்தான் எரியவேண்டி இருந்தது. இன்னும் நான்கு வருடம் அந்த மனிதருக்குக் காலையில் தேநீர் கொண்டுபோனேன். பின்கட்டு அட்டைகள் எங்கே என்று அவர் ஒரு தடவை கேட்டார். தெரியாது என்றேன். நான் செய்த எதிர்ப்பு அவ்வளவுதான். ‘அடு’ அட்டை இடையில் ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்று போனது. ‘ஹரி’ மட்டும் மிஞ்சியது.

இவ்வளவு காலத்துக்குப் பிறகு இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் கூட வேலை செய்த பெண்ணொருத்தியின் பிரியாவிடைக்காகப் பல்லேகலப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிற ஓர் உணவகத்துக்குப் போனோம். இப்போது எல்லாம் அனுமதியோடு, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளக்கிற தொட்டிகளோடு, அங்கேயே பியர் காய்ச்சுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு இரண்டு தமிழ் எழுத்து. வெடி. விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கடையின் பியருக்கு அதுதான் பெயர். உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு கதை: போர்க்காலத்தில் எழுத்தறிவில்லாத ஒரு வேடிக்கையான வேலையாள் பீப்பாயில் ‘குண்டு’ என்று எழுதிவிட்டானாம், ஒரு சாவடியே தரையில் படுத்ததாம், கடைசியில் எல்லோரும் சிரித்து ஆளுக்கொரு குவளை குடித்தார்களாம். எழுத்தறிவில்லாத! அந்தச் சாவடியில் ஒரு மொழியைக் கேட்டு இன்னொரு மொழியில் எழுதத் தெரிந்திருந்த ஒரே ஆள் அவர்.

கடை துரையின் மகளுடையது. துரையும் இருந்தார், ஜன்னலோரம் ஒரு சாய்வுக் கதிரையில், சுருங்கிப் போய். என்னை அடையாளம் கண்டு கையசைத்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம், இவள் அந்த வெடிக்காரனின் மச்சினி என்று அறிமுகப்படுத்தினார். அவர்கள் என்னைப் பார்த்து ஆவலோடு சிரித்தார்கள். என் பங்குக்கு நானும் ஏதாவது வேடிக்கை சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள்.

“கதை நல்லாருக்கு தொரை” என்றேன், தமிழிலேயே, மேசைகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி. “இதுல நீங்க எங்க? பாலத்துக்கு அங்கிட்டு நின்ன காரு எங்க?”

அவருக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது. கையை மெல்ல ஆட்டி, “ஹரி, ஹரி. அதெல்லாம் முடிஞ்ச கதை” என்றார்.

“ஹரி இல்ல தொரை” என்றேன். “ஒரு நாளும் ஹரி இல்ல.”

திரும்பி வந்தபோது என் மேசையில், கேட்காமலேயே, கடை உபயமாக ஒரு குவளை வைத்திருந்தார்கள். முக்கால்வாசி நுரை. கொண்டுவந்த பெண் வெட்கத்தோடு, கேஸ் கொஞ்சம் கூடிவிட்டது, வேறு தருகிறேன் என்று சிங்களத்தில் சொன்னாள். சிலிண்டரை மூடு, குழாயைக் கழற்று, வளையத்தை இழு, இரண்டு நாள் பொறு. முழுதும் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. குவளையைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

அடுத்த ஞாயிறு ‘ஹரி’ அட்டையை எடுத்துக்கொண்டு வத்தேகமவுக்குப் போனேன். அத்தானின் இடப்பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் எழுதியிருந்ததை, பட்டியலில் அடித்திருந்ததை, நான் கத்தியதை. அவர் என்னைவிட அதிகம் கொதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“நொர எப்பிடி இருந்திச்சி?”

“வெறும் நொரதான் அத்தான்.”

“இன்னும் அதே அவசரம்” என்றார். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. அவருக்கு வராத கோபத்தையும் நான்தான் சுமக்கவேண்டும் போலிருக்கிறது. அட்டையை அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆணி குத்திய துளையை விரலால் தடவினார். ‘வெடி’ அட்டையின் துளை சணல் உரசி உரசிக் கிழிந்து பெரிதாகிப் போயிருந்தது, எனக்கு நினைவிருக்கிறது. இதன் துளை குத்திய அன்று போலவே இருந்தது. ஒரு நூல்கூட அதில் நுழைந்ததில்லை.

“அட்ட எழுதுனதுக்கு அப்பறம் சரியா வர்றவரைக்கும் அந்தாளு எந்தப் பீப்பாயவும் விட்டதே இல்லியே புள்ள” என்றார் அத்தான். “இத கட்டவே கெடைக்கல.”

திருப்பிக் கொடுத்தார். கொண்டுவந்து பழையபடி சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.